ஐம்பத்திரண்டாவது இரவு

கிரிம்ஸ்பி மீன் தொழிற்சாலையின் பின்கதவருகே
கெய்லி நிற்கிறாள், தலையில் இன்னும் நீலவலை.
இடைவேளை இருபது நிமிடம்.
அதில் பதினொன்றைக்
காத்திருப்பு இசை தின்றுவிட்டது.

கடைசியில் ஒரு குரல். சின்னப் பையன் குரல்.
தன் பெயர் கேலம் என்கிறது.
பிறந்த தேதி கேட்கிறது, அஞ்சல் குறியீடு கேட்கிறது,
குழந்தையின் முழுப்பெயர் கேட்கிறது.
மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும்
அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்துக்கொள்கிறாள்.

தகப்பன் தரப்பு மனு ஒன்று வந்திருக்கிறது.
ஆண்டில் ஐம்பத்திரண்டு இரவு
பையன் அவரிடம் தூங்குகிறானாம்.
ஐம்பத்திரண்டு என்றால் ஏழில் ஒரு பங்கு கழியும்.
ஐம்பத்தொன்று என்றால் ஒரு பென்னியும் கழியாது.
எங்காவது கோடு போடத்தானே வேண்டும் என்கிறான் கேலம்,
கோட்டைப் போட்டது தானில்லை என்கிற தொனியில்.

ஏழில் ஒரு பங்கு:
வாரம் ஐந்து பவுண்டு தொண்ணூறு பென்ஸ்.
முன்பணம் போட்டால் மட்டும் எரியும் மின்சார மீட்டரில்
புதன் மாலையிலிருந்து வியாழன் காலை வரை.

அவளிடம் நாட்காட்டி இருக்கிறது, டயர் கடையில் சும்மா கொடுத்தது.
ஆர்ச்சி போன இரவுகளுக்கெல்லாம் வட்டம்.
வேய்ன் வராமலே போன வெள்ளிகள் ஒன்பது.
ஷூ மாட்டி, பை மாட்டி,
சன்னல் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு
அவன் நின்ற ஒன்பது.
அவற்றுக்கு வட்டமில்லை,
படிவத்தில் கட்டமும் இல்லை.

வட்டங்களை எண்ணினால் ஐம்பத்திரண்டுதான் வருகிறது.
"ஆனால் நவம்பர் பதினாலு," என்கிறாள்.

அன்று ஒரு மணிக்குச் செய்தி வந்தது:
காய்ச்சல், வாந்தி, உன்னைத்தான் கேட்கிறான்.
பக்கத்து வீட்டு மோரீனை எழுப்பிக் கார்ச்சாவி வாங்கி,
மழையில் ஸ்கன்தார்ப் வரை போய்,
வாசலில் போர்வையோடு சுற்றி நீட்டப்பட்டவனை
வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"அன்றிரவு குழந்தை எங்கே தூங்கினான்?"

அங்கே தூங்கவில்லை. வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.
இங்கே வந்தும் தூங்கவில்லை. விடியும்வரை பொம்மைப்படம்.
தூங்கியதெல்லாம் நடுவில்தான்,
பின்சீட்டில், வாய் திறந்து,
சாலை விளக்குகள் ஒவ்வொன்றாய்
அவன் முகத்தின் மேல் ஏறி இறங்க.

"காரில்," என்கிறாள்.
தட்டச்சு நிற்கிறது.
காருக்கு அஞ்சல் குறியீடு இல்லை.

(என் மொழியில் இரவு என்ற சொல்லுக்குக்
கையேந்துதல் என்றும் ஒரு பொருள் உண்டு.
கெய்லிக்கு அது தெரியாது.
தெரிந்தால் சிரிப்பாள் என்று நினைக்கிறேன்,
அவளுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப்
பெரிதாய்ச் சொல்ல வந்துவிட்டேன் என்று.)

மேலதிகாரியிடம் கேட்டுக் கடிதம் அனுப்புவார்கள்.
இன்று வேறேதும் உதவி வேண்டுமா?
வேண்டாம். மணி அடித்துவிட்டது.
கையுறை. மீன். பனிக்கட்டி. மீன்.

வேய்னைக் கெட்டவனென்று சொல்லிவிட்டால் கவிதை சுலபம்.
சுவர் பூசிப் பூசி அவன் தோள்பட்டை போய்விட்டது,
புதிய வீட்டில் இன்னொரு குழந்தை,
அன்று நீட்டியது தன் சொந்தப் போர்வை,
இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை.

வெள்ளி மாலை ஐந்தரை.
ஆர்ச்சி சன்னலில்.
அவன் பின்னால் கெய்லி, அடுப்புத் துணியோடு.
முன்பெல்லாம் இந்நேரம் அவளும் வேண்டிக்கொள்வாள்:
வந்துவிடு, இந்த ஒரு வாரமாவது.

இன்று தெருமுனையில் வேனின் விளக்கு திரும்பியபோது
நெஞ்சுக்குள் சட்டென்று ஏதோ கழித்துப் பார்த்தது.
அதை அவள் பார்த்துவிட்டாள்.

"அப்பா!"
படியில் தடதடவென்று இறங்குகிறான்,
ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்தே இருக்கிறது.
கட்டிவிட்டுப் போ என்று கத்துகிறாள்.
காதில் விழவில்லை.

பேனாவைத் தேடுகிறாள்.
இழுப்பறையில் இல்லை.
நாட்காட்டிக்குக் கீழேயே தொங்குகிறது,
அவளே நூல் கட்டி மாட்டியது.